வீட்டுக் கொல்லையில் ஒரு கொல்லுலை

கொல்லு வேலை, அதாவது இரும்படிக்கும் வேலை பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள். ஆங்கிள் இரும்பில் மேசை, அதன்மேல் லாரி பிரேக் டிரம், அடியில் காற்றடிக்கப் பெரிய மின்சார ஊதி (புளோயர்) என்று வெல்டிங் கடையில் சொல்லிச் செய்துவிட்டு, நல்ல பட்டடையும் (சூடான இரும்பை வைத்து அடிக்கும் கட்டி) சுத்தியலும் வாங்கக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். உலைக்கு இவ்வளவு தேவையே இல்லை. சாலையோரத்தில் கூடாரம் போட்டு அரிவாளும் கோடரியும் அடித்து விற்கும் வட மாநிலக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு சிறு குழி, அதற்குள் நுழையும் ஒரு குழாய், மறுமுனையில் கையால் சுற்றும் ஊதி. அவ்வளவுதான் அவர்களுடைய உலை. ஒருவர் ஊதியைச் சுற்ற, இன்னொருவர் சம்மட்டி போட, லாரிப் பட்டை (லாரியின் ஸ்பிரிங் தகடு) நம் கண்ணெதிரே கோடரியாகிறது.

அந்தக் குழியையே நின்று வேலை செய்யும் உயரத்துக்குத் தூக்கி, நம் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்ளப் போகிறோம். அடுப்புக்கரியில் எரியும், பக்கவாட்டில் காற்று நுழையும் மண் உலை இது. பிரேக் டிரம் உலையில் காற்று அடியிலிருந்து வரும். நிலக்கரிக்கு அது பொருந்தும். அடுப்புக்கரி லேசானது என்பதால், அடிக்காற்று பட்டால் பொறியாகக் கிளம்பிப் பறக்கும். சாம்பலும் உருகிய கசடும் நேராகக் காற்றுத் துளையில் விழுந்து அதை அடைத்துவிடும். பக்கவாட்டில் காற்று வந்தால் கசடு குழியின் அடியில் பேசாமல் கிடக்கும். வேலை முடிந்த பிறகு கிளறி எடுத்துக்கொள்ளலாம்.

கேஸ் உலை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேகமாகச் சூடேறும், புகை இல்லை, உண்மைதான். ஆனால் அதற்கு பர்னர், ரெகுலேட்டர், வெப்பம் தாங்கும் இழைப் போர்வை என்று வாங்க வேண்டியவை நிறைய. சமையலறை சிலிண்டரை இதற்கு எடுக்கவும் கூடாது. அது சமையலுக்கு மட்டும் என்ற நிபந்தனையில்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. முதல் உலை கரி உலையாகவே இருக்கட்டும். காற்று கூடினால் என்ன ஆகும், கரி குறைந்தால் என்ன ஆகும் என்று கரி நெருப்பில் பழகியவருக்குப் பிறகு எந்த உலையும் சிரமமில்லை.

இடம்

நான்கு பக்கமும் காற்று புகுந்து போகும் இடம் வேண்டும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். கார் நிறுத்தும் அறை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மூலை, ஷட்டர் போட்ட கடை எல்லாம் இதற்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்பதும் போதாது.

அதே சமயம் நல்ல நிழலும் வேண்டும். இரும்பின் சூட்டை நாம் நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறோம். வெட்டவெளி வெயிலில் நன்றாகச் சிவந்த இரும்புகூடக் கறுப்பாகத் தெரியும். இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து உள்ளேயே விட்டால் முனை எரிந்து போகும். ஆகவே தகரக் கூரை, பக்கச் சுவர் இல்லாத ஒரு கொட்டகைதான் சரியான இடம். ஓலைக் கூரைக்கு அடியில் உலை வைக்கவே வேண்டாம். பக்கத்தில் வைக்கோல் போர், காய்ந்த தென்னை மட்டை, விறகுக் குவியல் இருந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். தரை மண் தரையாக இருப்பது நல்லது. சூடான இரும்பு சிமெண்ட் தரையில் விழுந்தால் சிமெண்ட் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாயடி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுத்தியல் சத்தம் நாம் நினைப்பதைவிட வெகு தூரம் போகும். பட்டடையைச் சுற்றி ஒரு கனமான சங்கிலியைக் கட்டினாலோ, அதன் பக்கவாட்டில் ஒரு பெரிய ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டினாலோ அந்தக் கணீர் சத்தம் பாதியாக அடங்கும்.

உலையைக் கட்டுதல்

தேவையானவை: சுட்ட செங்கல், களிமண், ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட், கொஞ்சம் உமி, முக்கால் அல்லது ஒரு அங்குல உள்விட்டம் உள்ள இரும்புப் பைப் 75 செ.மீ. நீளம். கிடைத்தால் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) நான்கு. பைப் வாங்கும்போது ஜி.ஐ. பைப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசியது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையின் சூடு அதைத் தாண்டித்தான் இருக்கும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் வரும். பூச்சு இல்லாத கறுப்பு பைப் என்று கேட்டு வாங்குங்கள்.

மேடை 75 செ.மீ. சதுரம், உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தால் போதும். நான்கு பக்கமும் செங்கல்லை மண் சாந்தில் அடுக்கி, நடுவே மண்ணைக் கொட்டித் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். சிமெண்ட் சாந்து வேண்டாம். அதற்குச் சூடு ஆகாது, பின்னால் உலையை மாற்றிக் கட்டவும் கஷ்டம். சிலர் 200 லிட்டர் டிரம்மை வெட்டி அதில் மண்ணை நிரப்புகிறார்கள். அதுவும் நல்ல உலைதான். ஆனால் பெட்ரோலோ தின்னரோ கெமிக்கலோ இருந்த டிரம்மை கிரைண்டர் வைத்து வெட்டக் கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். எதற்கு அந்த ஆபத்து? செங்கல் மேடையே போதும்.

இனி குழி. முழு வேலையிலும் நீங்கள் நிதானமாக அளந்து செய்ய வேண்டியது இது ஒன்றுதான். மேடையின் நடுவில், உட்பூச்சு போக 20 முதல் 25 செ.மீ. அகலம், சுமார் 20 செ.மீ. ஆழம் இருக்கும்படி கிண்ணம் போல ஒரு குழி எடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து பைப் உள்ளே வரும். பைப்பின் வாய்க்குக் கீழே ஏழு செ.மீ. இடம் வேண்டும், சாம்பலும் கசடும் தங்குவதற்கு. வாய்க்கு மேலே பத்து செ.மீ. இருக்க வேண்டும், கரி நிற்பதற்கு. இந்த மேல் பத்து செ.மீ.தான் உலையின் உயிர். காற்று பைப்பை விட்டு வெளியே வந்ததும் அதில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். அந்த இடத்தில் இரும்பை வைத்தால் செதில் செதிலாக உரிந்து வீணாகும். சிவந்த கரியின் ஊடே எட்டு, பத்து செ.மீ. பயணம் செய்த பிறகு அந்த ஆக்சிஜன் பெருமளவு தீர்ந்து, சூடு மட்டும் மிஞ்சும். இரும்பு இருக்க வேண்டிய இடம் அது. ஆழமில்லாத உலையில் எவ்வளவு காற்றடித்தாலும் இரும்பு ஒழுங்காகச் சூடேறாது, செதில்தான் குவியும்.

பைப் நெருப்புப் பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கட்டும். அப்போது சாம்பல் பைப்புக்குள் உருண்டு வராது. அதன் வாய் குழியின் சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சுவரோடு சமமாக, சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்கு மண் பூசி மறைத்துவிடுங்கள். அப்படியும் முனை கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தேயும். தேயத் தேய உள்ளே தள்ளிக்கொள்ளத்தான் பைப்பை இவ்வளவு நீளமாக எடுத்தோம். முன்காலத்தில் இந்தக் குழலையே சுட்ட மண்ணில் செய்துகொண்டார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உலைகளோடு சுடுமண் ஊதுகுழல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இரும்புப் பைப் கிடைக்காவிட்டால் நீங்களும் அப்படிச் செய்துகொள்ளலாம்.

பூச்சுக்கு ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு மணல், ஒரு கை உமி. புற்றுமண் கிடைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தண்ணீரைக் குறைவாக ஊற்றி, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, குழியின் உட்புறம் முழுக்க மூன்று செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். தண்ணீர் அதிகமானால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். விளிம்பில் எதிரெதிராக இரண்டு வாய்க்கால் வெட்டி விடுங்கள். நீளமான கம்பியைக் கிடையாக, கரியின் நடுவே வைக்க அது உதவும். ஃபயர் பிரிக் வைத்திருந்தால் பைப்புக்கு இரு பக்கமும் குத்துவாட்டில் நிறுத்தி மண்ணால் பிணைத்துவிடலாம். உலை வெகுநாள் உழைக்கும்.

நிழலில் ஒரு வாரம் காயட்டும். வெடிப்பு கண்டால் அதே மண்ணைக் கரைத்துப் பூசி மூடுங்கள். அப்புறம் சுள்ளி வைத்துச் சின்னதாகத் தீ மூட்டி, காற்றடிக்காமல் இரண்டு மூன்று தடவை எரியவிட்டு ஆறவிடுங்கள். ஈரமிருக்கும் மண்ணில் எடுத்த எடுப்பில் காற்றடித்துச் சூடேற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

காற்று

கையால் சுற்றும் ஊதி கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். பெரிய ஊர்களில் ஹார்டுவேர் கடையில் விற்கிறார்கள், பழைய இரும்புக் கடையிலும் சில சமயம் அகப்படும். நீங்கள் சுற்றும்போது மட்டும் காற்று வரும். பட்டடைக்குப் போய் அடிக்கும் நேரத்தில் காற்று நிற்கும், கரி மிச்சமாகும். மின்சார ஊதி நாம் சுத்தியல் போடும் நேரத்திலும் கரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

மின்சாரம்தான் வசதி என்றால் பழைய ஹேர் டிரையர் போதும், குளிர் காற்று வைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். கம்ப்யூட்டர் தூசி ஊதுகிற வொர்க்‌ஷாப் புளோயர் இந்த உலைக்கு மிக அதிகம். அதைப் பயன்படுத்தினால் பைப்பில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு, உபரிக் காற்றை வெளியே விடும் ஒரு வழி வையுங்கள். அந்த வழியை ஒரு தகரத் துண்டால் மூடியும் திறந்தும் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஊதியை நெருப்பிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். ஊதிக்கும் பைப்புக்கும் நடுவே பழைய டயர் ட்யூப் துண்டை மாட்டினால் கழற்ற எளிது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் காற்று நின்ற பிறகு உலையின் சூடு பைப் வழியே பின்னால் ஏறி ஊதியின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

கரி

தமிழ்நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலங்கரி ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். அவர் வாங்கும் இடத்திலேயே நீங்களும் வாங்கலாம். கொட்டாங்கச்சிக் கரியும் அருமையான சூடு தரும். ஆனால் பொடியும் சில்லுமாக இருந்தால் காற்று ஊடுருவாமல் அடைத்துக்கொள்ளும். அதைத் தனியாகப் போடாமல் கருவேலங்கரியோடு கலந்து போடுங்கள்.

கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். இதில் சோம்பல் கூடாது. முஷ்டி அளவுக் கட்டிகளாகப் போட்டால் நடுவே ஓட்டை விழுந்து, எரியாத காற்று அந்த வழியே வந்து இரும்பைத் தொடும். தூளைச் சலித்துத் தனியே வைத்துவிடுங்கள். காற்றைப் பொறுத்து மணிக்கு இரண்டு மூன்று கிலோ கரி ஆகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிடைத்தாலும் இதற்கு உதவாது. ஈரமும் புகையும் அதிகம், சூடு குறைவு.

பட்டடை, சுத்தியல், குறடு

எல்லோரும் தண்டவாளத் துண்டைத்தான் தேடுவார்கள். நல்ல இரும்புதான், ஆனால் காயலான் கடையில் ரசீது இல்லாமல் கிடைப்பதை வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தடுக்கும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. முறையாக வாங்கியது என்று காட்ட முடியாவிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான். அதற்குப் பதில் லாரியின் பின் ஆக்சில் கேளுங்கள். ஒரு முனையில் தட்டையான வட்டத் தலை இருக்கும். தண்டைச் சுமார் இரண்டடி விட்டு வெட்டச் சொல்லி, கனமான மரக்கட்டையில் துளை போட்டு, வட்டத்தலை மேலே வரும்படி இறக்கிவிட்டால் பல வருஷம் அசையாமல் உழைக்கும். அது கிடைக்காவிட்டால் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பழைய சம்மட்டித் தலையைக் கட்டையில் பாதி புதைத்து வைத்தும் தொடங்கலாம். அடிபடும் இடம் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் நாம் அடிப்பதும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தானே.

கட்டைக்குப் புளிய மரம்தான் சிறப்பு. கறிக்கடைக்காரர்கள் காரணமில்லாமல் அதைத் தேடிப் போவதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ, பட்டடையின் மேல்பரப்பு அந்த உயரத்தில் வர வேண்டும். இதைவிட உயர்ந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்தால் இடுப்பு போய்விடும்.

சுத்தியல் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். ஆரம்பத்திலேயே இரண்டு கிலோ சுத்தியலை எடுப்பவர்கள் சில நாளில் முழங்கை வலி என்று விட்டுவிடுவார்கள். கடையில் வாங்கும் சுத்தியலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அப்படியே அடித்தால் இரும்பில் பிறை பிறையாகத் தடம் விழும். விளிம்பை அரத்தால் உருட்டி, முகத்தை மிக லேசாகக் குவித்துக்கொள்ளுங்கள். குறடு (சூடான இரும்பைப் பிடிக்கும் இடுக்கி) இப்போதைக்கு வேண்டாம். இரண்டு இரண்டரை அடி நீளக் கம்பியில் வேலை செய்தால் மறுமுனையைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம். கை பழகிய பிறகு குறட்டை நீங்களே அடித்துக்கொள்வீர்கள்.

உடம்பு

பருத்தித் துணி மட்டும். பாலியஸ்டர், நைலான் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காலை முழுக்க மூடிய தோல் செருப்போ பூட்ஸோ போடுங்கள், பேன்ட்டின் அடி அதற்கு வெளியே விழட்டும், உள்ளே செருகாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஒவ்வொரு அடிக்கும் செதில் தெறிக்கும். சுத்தியல் பிடிக்கும் கையில் கையுறை வேண்டாம், பிடி நழுவும்.

சிவந்த இரும்பை யாரும் தெரியாமல் தொடுவதில்லை. சுட்டுக்கொள்வதெல்லாம் கறுத்த இரும்பில்தான். சிவப்பு மங்கிய பிறகும் அது 400 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடும். தரையில் கிடக்கும் எந்தத் துண்டையும் எடுக்கும் முன் புறங்கையை மேலே காட்டிச் சூடு இருக்கிறதா பாருங்கள். சூடானவற்றை வைக்க ஓர் இடத்தைக் குறித்து வைத்து, அங்கே தவிர வேறெங்கும் போடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் நடமாடும் வீட்டில். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூசாதீர்கள். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் போங்கள்.

உலைக்குள் போடக் கூடாதவை: துத்தநாகம் அல்லது குரோமியம் பூசியது, பெயிண்ட் அடித்தது, இரு முனையும் மூடிய பைப், ஷாக் அப்சார்பர். கடைசி இரண்டும் வெடிக்கும்.

நெருப்பு மூட்டுதல்

பைப்பின் வாய்க்கு எதிரே கொட்டாங்கச்சியும் சுள்ளியும் வைத்துப் பற்றவையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பிடித்ததும் ஒரு கை கரி, மெல்லிய காற்று. அது சிவந்ததும் இன்னொரு கை. இப்படியே விளிம்பு தாண்டிக் குவியும்வரை ஏற்றிக்கொண்டே போங்கள். அவசரப்பட்டு முதலிலேயே பலமாகக் காற்றடித்தால் பொறிதான் பறக்கும்.

நெருப்பு தயார் என்பதை மேலே எரியும் சுடரை வைத்துச் சொல்லிவிட முடியாது. குவியலை ஒரு கம்பியால் லேசாக விலக்கிப் பாருங்கள். பைப்புக்கு நேர் எதிரே, சற்று மேலே, தேங்காய் அளவுக்கு ஒரு பகுதி மட்டும் கண் கூசும் மஞ்சளாக இருக்கும். உலையின் நெஞ்சு அதுதான். கம்பியைக் கிடையாக அந்த இடத்துக்குள் செருகி, மேலேயும் கரி மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியை மேலிருந்து கீழாகக் குத்தினால் முனை பைப்பின் காற்றில் போய் நின்று எரியும். கரி எரிந்து குழிவிழ விழ, ஓரத்தில் குவித்திருக்கும் கரியை நடுவே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரக் கரி வீணாகப் பற்றிக்கொண்டால் அதன்மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். மங்கிய சிவப்பு 650 டிகிரி சுமார். நல்ல சிவப்பு 800. ஆரஞ்சு 950. மஞ்சள் 1100க்கு மேல். வெளிர் மஞ்சளும் தாண்டி வெள்ளைக்குப் போய் மத்தாப்பு போலப் பொறி கிளம்பினால் இரும்பு எரிகிறது என்று பொருள். அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான், திரும்பச் சரியாகாது. சாதா இரும்பை மஞ்சளில் எடுத்து அடிக்க ஆரம்பித்து, சிவப்பு மங்கும்போது நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வையுங்கள். ஆறிய இரும்பை அடித்தால் கை வலியும் விரிசலும்தான் மிச்சம்.

முதல் வேலை

உலைக்கே தேவையான ஒன்றைச் செய்யுங்கள், கரி கிளறும் கம்பி. 10 அல்லது 12 மி.மீ. சதுரக் கம்பி, இரண்டரை அடி. உருண்டைக் கம்பியும் சரி. கட்டட வேலையில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பியும் பழக உதவும். ஆனால் அதன் முறுக்குத் தடங்கள் மடிந்து உள்ளே போய் வெடிப்பு விடும், அதனால் அழகான வேலை வராது.

முனையில் பத்து செ.மீ. நல்ல நெருப்பில் இரண்டு நிமிடத்துக்குள் மஞ்சளாகிவிடும். வெளியே எடுத்ததும் பட்டடையின் தூர விளிம்பில் முனையை வைத்து, கம்பியின் பின்பக்கத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்து, சுத்தியலும் அதே சரிவில் விழும்படி அடியுங்கள். இரண்டு அடி, கம்பியைக் கால் சுற்று திருப்பு. இரண்டு அடி, திரும்பப் பழைய பக்கம். இந்த இரண்டு பக்கங்களிலேயே மாறி மாறி அடித்தால் எதிர்ப்பக்கங்களைப் பட்டடை பார்த்துக்கொள்ளும். கூர் எப்போதும் முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நீள வேண்டும். நடுவில் அடித்து முனைக்கு வந்தால் நுனியில் மீன்வாய் போல ஒரு பிளவு விழும்.

உருண்டைக் கூர் வேண்டுமென்றாலும் முதலில் சதுரக் கூர்தான் அடிக்க வேண்டும். சதுரமாக மெலிந்த பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் லேசான அடிகளால் உருட்டுங்கள். எடுத்தவுடன் உருண்டையாகவே அடிக்கப் போனால் நடுவே குழல் போலப் பிளந்துகொள்ளும். சதுரம் கோணி சாய்சதுரமாகிவிட்டால் பயப்பட வேண்டாம். எந்த இரண்டு மூலைகள் நீண்டிருக்கின்றனவோ அவற்றைச் சூடாக இருக்கும்போதே மேலும் கீழும் வைத்து அடித்தால் திரும்பச் சதுரமாகும்.

இந்தக் கூரின் கடைசி ஐந்து செ.மீ.யைத் தட்டையாக்கிச் செங்குத்தாக வளைத்தால் கரியை இழுக்கும் கோல், வளைக்காமல் விட்டால் குத்திக் கிளறும் கோல். இரண்டும் தேவைப்படும், இரண்டையும் செய்யுங்கள். மறுமுனையில் 20 செ.மீ. சூடாக்கி, பட்டடை விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளித் தட்டி வளையமாக மடக்கினால் ஆணியில் மாட்டக் கைப்பிடி ஆயிற்று.

அடுத்து கொக்கி, கதவுத் தாழ்ப்பாள், கடப்பாரைக்கு முனை அடிப்பது என்று போகலாம். லாரிப் பட்டையில் களைக்கொத்து செய்ய ஆசை வரும். பட்டை கரிமம் (கார்பன்) கூடிய உருக்கு, அதற்கு வேறு பக்குவம். மங்கிய சிவப்பில் அடித்தால் வெடிக்கும், சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினாலும் வெடிக்கலாம். தோய்ச்சல் வைக்கும்போது, அதாவது சூடாக்கிச் சட்டென ஆறவைத்துக் கடினமாக்கும்போது, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரியைச் சற்றுத் தாண்டிக் கொண்டுபோய், வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் இறக்க வேண்டும். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் மூடியும் தயாராக இருக்கட்டும், தீப்பற்றினால் உடனே மூட. எஞ்சின் கழிவு எண்ணெயின் புகை நுரையீரலுக்கு ஆகாது. தோய்த்தபடியே விட்டால் கண்ணாடிபோல் உடையும் என்பதால், மெருகு தேய்த்து மிதமான சூட்டில் நீலம் ஓடும்வரை காட்டி ஆறவிட வேண்டும், சுமார் 300 டிகிரி. இதற்குள் இறங்கும் முன் உங்கள் ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். மண்வெட்டிக்கோ அரிவாளுக்கோ அவர் தோய்ச்சல் வைக்கும்போது இரும்பின் நிறத்தை மட்டும் கவனியுங்கள். திருப்பாச்சேத்திப் பக்கம் போக வாய்த்தால் விடாதீர்கள், அரிவாளுக்கென்றே பேர்போன ஊர் அது. போகும்போது ஊதி சுற்றிக் கொடுக்கட்டுமா ஐயா என்று கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகச் சரி என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் காற்றின் அளவு உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.

அணைத்தலும் பராமரிப்பும்

வேலை முடிவதற்குக் கால் மணி முன்பே புதுக் கரி போடுவதை நிறுத்துங்கள். கடைசியில் கரியைப் பரப்பிவிட்டு, ஊதியைக் கழற்றி, மிஞ்சிய பெரிய துண்டுகளைக் கம்பியால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெயிலில் காய்ந்ததும் அடுத்த முறை அவை உடனே பற்றும். சூடான உலைக்குள் மட்டும் தண்ணீரை ஊற்றக் கூடாது, பூச்சு சிதறும். ஒரு மணி நேரம் கழித்து வந்து சாம்பலைக் கிளறிப் பாருங்கள், உள்ளே கனல் இருந்தால் மணலைப் போட்டு மூடுங்கள். ஆறிய பிறகு அடியில் கண்ணாடிபோல் உறைந்த கசடு இருக்கும், அதைப் பெயர்த்து எறிந்துவிடலாம். சில நேரம் அது பைப்பின் வாயில் ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கும். ஒரு கம்பியை உள்ளே விட்டு வழி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் குழியின்மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்துக் கல் வைத்து மூடுங்கள், பைப்பின் வாயில் ஒரு துணியைத் திணியுங்கள், இல்லாவிட்டால் தேளோ பூரானோ குடிவந்துவிடும். மழை ஓய்ந்து முதல் முறை மூட்டும்போது பழையபடி சுள்ளித் தீயில், காற்றில்லாமல், அரை மணி நேரம் உலையைக் காயவைத்துவிட்டுத்தான் ஊதியை மாட்ட வேண்டும்.